சிவப்பு நித்தியகல்யாணி

நம் ஸ்கூல் வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்கு மாடித்தோட்டப் படம் போடுகிறீர்கள். போடுங்கள். நாற்பது நெருங்குகிறது, முட்டி வலிக்கிறது, பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை. செடியாவது கேட்குமா என்று ஓர் ஆசை. போன வாரம் உங்களில் ஒருத்தி நித்தியகல்யாணிப் படம் போட்டு, 'தண்ணியே கேக்க மாட்டேங்குதுடி, வெயிலு ஏற ஏறப் பூக்குது' என்று எழுதியிருந்தாள். அத்தனை பேரும் இதயம் போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று தனியாகக் கேட்டவளிடம், நேரில் சொல்கிறேன் என்று தப்பித்தேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். செராமிக் ஷெட்டுகளுக்குப் போகிற சாலையில், ஒரே மொட்டைமாடிக்குக் கீழே இரண்டு வாசல் வைத்த வீடு. தாத்தா போன பிறகு வாசலிலிருந்து கொல்லை வரை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். கிழக்குப் பாதியில் பெரியப்பா குடும்பம், மேற்குப் பாதியில் நாங்கள். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துப் பெரியம்மா பேசினாள். அவர்களுக்கு ஒரே மகள், என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா. எங்கள் வீட்டில் நான் ஒருத்தி.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் போர் போட்டார்கள். ஆனால் தண்ணீர் கிடைத்த இடம் பெரியப்பா பக்கத்துக் கொல்லை. மோட்டார் சுவிட்சை அவர்கள் சமையலறைச் சுவரில் வைத்தார்கள். அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது. போர் காற்றும் தண்ணீருமாகத் துப்பியது. எங்கள் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் பெரியம்மாவின் விரலில் இருந்தது. நாங்கள் அண்டாவை வைத்துக்கொண்டு காத்திருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். குழாய் இருமும். நாலு குடம் நிறைவதற்குள் சத்தம் நின்றுவிடும்.

"அக்கா, இன்னும் ரெண்டு கொடம்..." என்று அம்மா குரல் கொடுப்பாள்.

"போரு காத்து வாங்குது. மோட்டாரு எரிஞ்சி போச்சின்னா ஓம் புருஷனா காயிலு கட்டிக் குடுப்பாரு?" என்று பதில் வரும்.

அப்பா ஒரு செராமிக் ஷெட்டில் கிளேஸ் கலக்குகிறவர். கப்பு, ஜாடி மேலெல்லாம் கண்ணாடி போலப் பளபளக்கிறதே, அந்தப் பூச்சு. பச்சை, நீலம், காப்பிக் கலர் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். சிவப்பு மட்டும் அடங்கவில்லை. எந்தப் பொடியை எப்படிக் கலந்தாலும் சூளைக்குள் போய்விட்டு ஆட்டு ஈரல் நிறத்தில் வெளியே வரும். இரவு சாப்பாட்டில் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அந்த வருஷம் ஐப்பசி மாதத்துக்கு முன்பே அந்த ஷெட்டை மூடிவிட்டார்கள். கிடந்த உடைசலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா விரிசல் விட்ட டீ கப்புகளாகப் பார்த்துப் பொறுக்கி, சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

அப்பா அடிக்கிறவர் இல்லை. எறிகிறவர். கையில் என்ன இருக்கிறதோ அது பறக்கும். டம்ளர், ரேடியோ, ஒரு தடவை குழம்புச் சட்டி. எனக்கென்று அவரே செய்து சூளையில் சுட்டுக் கொடுத்த நீல யானை ஒன்று இருந்தது, உள்ளங்கை அளவுக்கு. ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று அதையும் சுவரில் எறிந்தார். மறுநாள் இன்னொன்று செய்து தருகிறேன் என்றார். அதற்குள் ஷெட்டு மூடிவிட்டது. அம்மா அவரைப் பார்த்துப் பயந்தாளா என்று நீங்கள் கேட்டால், அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த சாமான்களை எல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பாள் என்பதைத்தான் சொல்ல முடியும்.

வேலை கேட்டுப் பெண்ணாடம் போனவர், வேலை கிடைக்காமல் ஒரு கிளையோடு திரும்பினார். ஈரத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். யாரோ ஓர் ஆலை அதிகாரி வீட்டு வாசலில் நின்ற செடியாம். கேட்டதற்கு அந்த வீட்டம்மா தர முடியாது என்று சொன்னாளாம். "அவ உள்ள போனதும் ஒடிச்சிக்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லித் துண்டைப் பிரித்தார். நாம் வேலி ஓரத்திலெல்லாம் பார்க்கிற வெளிர் ரோஸ் இல்லை. ரத்தச் சிவப்பு. நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. அப்பா அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சூளையில் வராத சிவப்பு இப்படி ஒரு பூவில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை.

சுவருக்கு மேலே பெரியம்மாவின் தலை தெரிந்தது. "என்னா தம்பி, சுடுகாட்டு மல்லியப் போயி வூட்டுக்குள்ள கொண்டாறீங்க?"

"இதுக்குப் பேரு நித்தியகல்யாணி, அண்ணி. பேர்லியே கல்யாணம் இருக்குது."

"அது பொஸ்தகத்துல எழுதி வச்ச பேரு. ஊருல வச்ச பேரு சுடுகாட்டு மல்லிதான். வயசுக்கு வந்த பொண்ணு இருக்குற வூடு. வாசல்ல வக்காதீங்க, சொல்லிட்டேன்."

அப்பா வாசலில்தான் வைத்தார். உடைந்த ஓடும் செங்கல் பொடியும் குவிந்து கிடந்த மேட்டில், சுவரை ஒட்டி, பெரியம்மா கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

கிளை வேர் விட்டு, வெயில் ஏற ஏறச் செடி புதர் கட்டியது. மற்றதெல்லாம் வாடிக் கருகுகிற நேரத்தில் இது மட்டும் தளதளவென்று நின்றது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஏன் என்று தெரிந்துகொள்ள நான் ஓர் இலையை மென்று பார்த்தேன். ராத்திரி வரை நாக்கில் கசப்பு போகவில்லை. பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிசாக, இரட்டையாக, மேலே பார்த்தபடி காய் வந்தது. அது பழுத்து வெடித்தால் விதை எங்கேயோ தெறித்துவிடும். மஞ்சளாகிற சமயம் பார்த்துப் பறிக்க வேண்டும். அந்தக் காவல் வேலை எனக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் குனிந்து பார்ப்பேன். விதை எறும்புத் தலை மாதிரி இருக்கும். இருட்டில்தான் முளைக்கும் என்று அப்பா கண்டுபிடித்தார். தட்டில் மண் போட்டுத் தூவி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

முளைத்தது. வளர்ந்தது. மாசி முடிவில் மொட்டு விட்டது. முதல் பூ விரிந்த காலையில் அப்பா பல் கூட விளக்காமல் போய் உட்கார்ந்தார். வெளிர் ரோஸ். அடுத்தது, அதற்கடுத்தது எல்லாம் அதே வேலியோர ரோஸ்தான். தாய்ச்செடியின் சிவப்பு, விதை வழியாக இறங்கவில்லை. அப்பா அத்தனை நாற்றையும் ஒரே பிடியாகப் பிடுங்கி, சுவருக்கு மேலே, அந்தப் பக்கம் வீசினார்.

அவற்றில் சில பெரியம்மா வீட்டுச் சாக்கடை ஓரத்து ஈரத்தில் பிழைத்துக்கொண்டு பூத்தன. அன்றைக்கு அவள் போட்ட கூச்சலை மறக்க முடியாது. வெறுங்கையால் பிடுங்கினாள். வேரோடு வராததை நகத்தால் தோண்டினாள். "எம் வாசல்ல பொணப் பூவு போட்டவன் கை அழுகிப் போவட்டும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மூன்று நாள் மோட்டார் போடவில்லை. நாங்கள் தெருக்குழாயில் வரிசையில் நின்றோம். எவ்வளவு பொல்லாதவள் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம்.

ரொம்ப வருஷம் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, தவழ்வதற்குள் போய்விட்டதாம். ஆற்றங்கரையில் புதைத்தார்களாம். அந்த மேட்டைச் சுற்றி இந்தப் பூதான் பூத்துக் கிடந்ததாம். இதை அப்பா அறிவார். அறிந்துதான் வீசியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

விதை கைகொடுக்கவில்லை என்றதும் அப்பா கிளைக்குப் போனார். அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். பூ இல்லாத நுனியாகப் பார்த்து, விரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டுவார். வெட்டின இடத்தில் பால் கசியும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டு இலை மட்டும் வைப்பார். ஆற்று மணலும் தோட்ட மண்ணும் பாதிப் பாதி. விரிசல் விட்ட கப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மிஞ்சின தண்ணீர் விரிசல் வழியாக இறங்கிவிடும். முதலில் நிழல், வேர் பிடித்ததும் வெயில். வாசல் சுவர் நெடுக வெள்ளைக் கப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை. சித்திரை பாதியில் முதல் சிவப்பு விரிந்தது. தாயின் அதே சிவப்பு. வெள்ளைக் கப்புக்கு மேலே அது நிற்கிற அழகைத் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அப்பா ஒருத்தருக்கும் ஒரு கிளை கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குஜராத்தில் ஒரு டைல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அப்பா கிளம்பினார். ஜங்ஷனுக்குப் போகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"தெனம் தண்ணி ஊத்தக் கூடாது. மண்ணுல வெரல வுட்டுப் பாரு. மண்ணு வெரல்ல ஒட்டுனா ஊத்தாத. மத்தியானத்துல தலையத் தொங்கப் போடும். அது நடிப்பு. சாயந்தரம் தானா நிமிந்துக்கும். புரியிதா?"

"புரியிதுங்க."

"ஒன்னு செத்தாலும் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

கத்திரி வெயில் தொடங்கியது. நம் ஊர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். மத்தியானம் கப்பு வரிசை மொத்தமும் தலை தொங்கியது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சாயந்தரம் நிமிரும் வரைக்கும் பொறுமை கிடையாது. "பாரு, வாடுது பாரு, செத்துடும் போலிருக்குது" என்பாள். "நடிப்பும்மா" என்று நான் சொல்வேன். "நடிக்க அது என்னா சினிமாக்காரியா?" என்று சொல்லிவிட்டுச் சொம்பை எடுப்பாள்.

வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்கள் அவை. விடிவதற்கு முன்னால் எழுந்து, தெருக்குழாயில் இடித்துப் பிடித்து, இடுப்பில் ஒரு குடம் கையில் ஒரு குடமாகச் சுமந்து வருவாள். அதில் முதல் குடம் செடிக்கு. ஒவ்வொரு கப்பும் தளும்ப ஊற்றுவாள். சாயந்தரம் மறுபடியும். எஸ்.டி.டி பூத்திலிருந்து அப்பா பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணுவார். அம்மா ஓடுவாள். "செடி எப்பிடி இருக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. "நல்லாருக்குதுங்க" என்பாள். திரும்பி வந்ததும் இன்னும் ஒரு சொம்பு.

இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தாள். இன்னும் ஊற்றினாள். பிறகு ஒரு காலையில் இரண்டு செடி அடியோடு சாய்ந்து கிடந்தது. தண்டின் அடிப்பகுதி கறுத்து, வெந்த கீரைத் தண்டு மாதிரி இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரத்துக்குள் வரிசை முழுக்கச் சாய்ந்தது. மேட்டில் ஓட்டுக் குவியலில் நின்ற தாய்ச்செடி மட்டும் எந்தத் தண்ணீரையும் தேக்காமல் வடியவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் பூத்துக்கொண்டிருந்தது.

குஜராத் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. எவனோடோ சண்டை. வைகாசியில் திரும்பி வந்தார். பையை இறக்கவில்லை. கப்புகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்றோம். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

அப்பா எழுந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார்.

"அண்ணி! வெளிய வாங்க! என்னாத்த ஊத்துனீங்க எஞ் செடிக்கு? ஆசிட்டா, கொதிக்கிற கஞ்சியா?"

பெரியம்மா கரண்டியோடு வந்தாள். "யாரப் பாத்து என்னா கேக்குற?" மரியாதை அன்றோடு போனது. "ஓஞ் செடிய நான் ஏன்டா தொடுறேன்? பொணப் பூவ எங் கையால தொடுவனா?"

"வெறுங்கையால புடுங்கினியே, அன்னிக்கித் தொடல?"

தெரு கூடிவிட்டது. பெரியப்பா யூனிபார்மோடு நின்று, "தம்பி, வேணாம்டா, உள்ள வந்து பேசு" என்றார். அப்பா செத்த செடி ஒன்றை மண்ணோடு அவர் காலடியில் எறிந்தார். இத்தனை வருஷம் அண்ணன் தம்பியாக இருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். போர், சுவர், தாத்தாவின் சாவுச் செலவு, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் எழுந்தது, எல்லாம் வந்தது. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். இனி ஸ்கூல் திறந்தால் அவளோடு போக முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றாள்.

மறுநாள் கொல்லையில் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முனை அம்மா கையில், ஒரு முனை என் கையில். பெரியம்மா அந்தப் பக்கத்திலிருந்து சுவருக்கு மேல் கையை வைத்தாள். குரல் உயரவில்லை.

"வெடிகாலம் கொடங் கொடமா ஊத்துனியே, மாடியிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அம்மாவின் முனை நழுவித் தரையில் விழுந்தது.

"ஓம் புருஷங்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா."

"நேத்து அத்தினி பேரு முன்னாடி எம் மேல சாணிய அடிச்சான். நீ கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தல்ல?"

"அக்கா, உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

"கால்ல எதுக்கு வுழணும்? பெரிய உரல்ல மாவாட்ட ஆளில்ல. வந்து ஆட்டிக் குடு."

அப்படித்தான் தொடங்கியது. அப்பா வெளியே போனதும் அம்மா அந்தப் பக்கம் போவாள். கிரைண்டர் வைத்திருந்தார்கள், ஆனாலும் உரலில் ஆட்டினால்தான் இட்லி நன்றாக வருமாம். பிறகு எங்கள் பக்கத்து முருங்கை மரம். "காய் பறிச்சா மொதல்ல இங்க குடுத்துட்டுப் பாக்கியக் கொழம்பு வையி." பிறகு துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவுவது. பிறகு அக்காவின் பாவாடை சட்டை துவைப்பது. ஒவ்வொரு தடவையும் பெரியம்மா மறுபடி மிரட்டவில்லை. சுவருக்கு மேல் கையை வைத்து நிற்பாள். அது போதும். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா தினமும் கொல்லை வழியாகப் போய் அவர்கள் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

நான் ஒருநாள் கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லிடேன்மா. ஒரு நாள்தான கத்துவாரு."

"ஒனக்கு அவரத் தெரியாதுடி" என்றாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்பா தாய்ச்செடியிலிருந்து மறுபடியும் கிளை வெட்டி, மறுபடியும் கப்புகளை நிரப்பினார். ஆவணியில் புது வரிசை நின்றது. இந்தத் தடவை தினமும் வாசலில் நாற்காலி போட்டு அவரே காவல் இருந்தார்.

அந்த மாதத்தில்தான் வார்டு கவுன்சிலரை வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று ஏற்பாடானது. போர் மொத்தமும் தங்களுக்கே வேண்டும், தம்பி குடும்பம் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும் என்பது பெரியம்மாவின் கோரிக்கை. செத்தாலும் விடமாட்டேன் என்பது அப்பாவின் பதில். முதல்நாள் சாயந்தரம் உரலுக்குப் பக்கத்தில் நான் நிற்கும்போதே பெரியம்மா சொன்னாள்.

"நாளைக்கி கவுன்சிலரு முன்னாடி நீ சொல்லணும். 'போரு வேணாம், நாங்க தெருக்குழாயிலியே புடிச்சிக்குறோம்'னு. பொம்பள சொன்னா எடுபடும். நீ சொல்லலன்னா, நான் சொல்ல வேண்டியத சொல்லுவேன்."

அம்மா மாவு வழித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

கூட்டம் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில். கவுன்சிலர் டீ குடித்து முடித்துத் தொண்டையைக் கனைத்தார். அப்பா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா நிலைப்படியைப் பிடித்து நின்றாள். பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்னு சொல்லணும்ங்க" என்றாள் அம்மா. "செடிய யாரும் கொல்லல. நான்தான் காலைலியும் சாயந்தரமும் தண்ணி ஊத்துனேன். வாடுதேன்னு பயந்துக்கிட்டு ஊத்துனேன். அழுகிப் போச்சி. அக்கா அத மாடியிலேருந்து பாத்தாங்க. பாத்துட்டு, சொல்லிடுவேன் சொல்லிடுவேன்னு இத்தினி நாளா என்ன வேல வாங்குறாங்க. இன்னிக்கி போர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன். அந்தப் போருல எங்களுக்கும் பாதி இருக்குது."

நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. முந்தானையைக் கூட அவள் பிடிக்கவில்லை.

பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். "பாத்தியா நீ?"

பெரியம்மா காலி டீ டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"பாத்துட்டு ஏன் எங்கிட்ட சொல்லல? தெருவுல அவன் என்ன நாயி மாதிரிப் பேசுனான். கேட்டுக்கிட்டு நின்னேனே."

அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"பொய்யி! இவ பொய் சொல்றா. பயமுறுத்திச் சொல்ல வச்சிருக்கீங்க. இவளுக்குச் செடி வக்கிறதப் பத்தி என்னா தெரியும்? ஊத்துனது நீங்கதான்."

"நான் சொல்றேங்க, நான்தான்..." என்றாள் அம்மா.

"வாய மூடு."

கவுன்சிலர் இரண்டு பக்கமும் பார்த்தார். போர் பொதுவாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். மறுநாள் பெரியப்பா எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சுவிட்சைச் சமையலறையிலிருந்து பெயர்த்து, இரண்டு வீட்டுக்கும் கை எட்டுகிற மாதிரிக் கொல்லைச் சுவரில் வைத்தார். பெரியம்மா அதற்குப் பிறகு சுவருக்கு மேல் கை வைத்ததில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் கடைசிவரை பேசவுமில்லை.

இந்தக் கதை அங்கே முடிந்திருக்கலாம். அம்மா விடவில்லை. அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. எதுவும் பறக்கவில்லை, எதுவும் உடையவில்லை. அவர் நம்பவே இல்லை, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவள் சமைத்தாள், பரிமாறினாள், சாமான்களை எடுத்து வைக்கவில்லை. ஒரு காலையில் கொல்லையில் அவளே சுவிட்சைப் போட்டு ஒரு குடம் பிடித்து, வாசலுக்கு வந்தாள். அப்பா ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புது வரிசையில் எது நன்றாக வளர்ந்திருந்ததோ, அந்தக் கப்பைத் தனியாக எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்தாள். தளும்ப ஊற்றினாள்.

"என்னா பண்ற?"

"பாருங்க."

சாயந்தரமும் ஊற்றினாள். மறுநாளும். அப்பா அந்தக் கப்பை எடுத்துத் தள்ளி வைத்திருக்கலாம். குடத்தைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். செய்யவில்லை. பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகப் பார்த்தபடியே இருந்தார். இலை மஞ்சளானது. பூ உதிர்ந்தது. தண்டு அடியில் கறுத்தது. ஒரு மத்தியானம் செடி சாய்ந்தது.

அம்மா அதைப் பிடுங்கினாள். வேர் வழவழவென்று அவள் விரலோடு வந்தது. அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அன்னிக்குச் செத்ததும் இப்பிடித்தான் செத்திச்சி. இப்பவாச்சும் நம்புறீங்களா?"

அப்பா அதை வாங்கினார். வேரை நசுக்கி, முகர்ந்து பார்த்தார். துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஊருலேருந்து வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"தண்ணியில அழுகுனதுன்னு. வேரப் பாத்தா தெரியாதா எனக்கு? ஊத்தாத ஊத்தாதன்னு சொல்லிட்டுப் போனவனே நான்தான."

அம்மா அவரையே பார்த்தாள். "தெரிஞ்சா அவுங்க மேல பழி போட்டீங்க?"

"அவ கையில சுவிச்சி இருந்திச்சி. அண்ணங்கிட்ட போயி சண்டைக்கி நிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும். வேற என்னா கெடச்சிது எனக்கு?" ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். "ஒன்ன ஒன்னும் சொல்லலியே நான். ஒரு வார்த்த கேட்டனா?"

"கூட்டத்துல நான் சொன்னப்ப?"

"அத்தினி பேரு முன்னாடி நான் பொய்யன்னு ஒத்துக்கச் சொல்றியா?"

அவர் பேப்பரை மறுபடி விரித்தார். அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்தாள். கப்பு வரிசையின் இந்த முனையிலிருந்து தொடங்கி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, விளிம்பு தளும்பித் தரையில் ஓடும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனாள். அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். பாதி வரிசையில் குடம் காலியானது.

அம்மா என் பக்கம் திரும்பாமலேயே குடத்தை நீட்டினாள்.

"போயி இன்னொரு கொடம் கொண்டா."

நான் கொல்லைக்கு ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.